கொம்புச்சா: அரை டம்ளரில் தொடங்கச் சொல்வது ஏன்?

சர்க்கரை சேர்த்த தேநீரைப் புளிக்கவைத்துச் செய்யும் பானம் கொம்புச்சா. அதைக் குடித்துப் பழகியவர்கள் புதிதாகத் தொடங்குபவருக்குச் சொல்லும் முதல் புத்தி, 'அரை டம்ளருக்கு மேல் வேண்டாம்' என்பதுதான். ஏன் என்று கேட்டால் பதில் ஆளுக்கு ஆள் மாறும். வயிறு பழக வேண்டும் என்பார் ஒருவர். உடம்பிலுள்ள நச்சு வெளியேறும்போது தாங்காது என்பார் இன்னொருவர். புளிப்பு ஒத்துக்கொள்ளாது என்பார் வேறொருவர். இவற்றில் சில சரி, ஒன்று அடியோடு தவறு. ஆனால் பெரும்பாலும் யாரும் சொல்லாமல் விடுகிற காரணம் ஒன்று இருக்கிறது, எல்லாவற்றையும்விட அதுதான் முக்கியம் என்று நான் நினைக்கிறேன். கொம்புச்சா எப்போதும் ஒரே மாதிரி இருக்கும் பானம் கிடையாது. அமிலம், சர்க்கரை, ஆல்கஹால், வாயு, உயிருள்ள நுண்ணுயிர்கள் என அதில் இருக்கும் ஒவ்வொன்றின் அளவும் பாட்டிலுக்குப் பாட்டில், நாளுக்கு நாள் மாறிக்கொண்டே இருக்கும். கையில் இருப்பதில் எது எவ்வளவு என்று தெரியாதபோது, கொஞ்சமாகக் குடித்துப் பார்ப்பதுதான் முறை.

அரை டம்ளர், அதாவது சுமார் 120 மில்லி என்ற அளவுக்கே ஒரு பின்னணி உண்டு. 1995இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், வீட்டில் தயாரித்த கொம்புச்சாவைத் தினமும் குடித்துவந்த இரண்டு பெண்கள், ரத்தத்தில் அமிலத்தன்மை கடுமையாக ஏறிய நிலையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஒருவர் இறந்துபோனார். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அதே ஊரில், அதே நுண்ணுயிர் வளர்ப்பிலிருந்து தயாரித்துக் குடித்த பலருக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. கொம்புச்சாதான் காரணம் என்று நிறுவவும் முடியவில்லை, இல்லை என்று ஒதுக்கவும் முடியவில்லை. உடல்நலத்தோடு இருப்பவர்கள் வழக்கமாகக் குடிக்கும் நாளொன்றுக்கு 4 அவுன்ஸ் அளவில் பாதிப்பு இருக்காது எனக் கருதலாம், ஏற்கெனவே நோய் உள்ளவர்களுக்கும் அளவுக்கு மீறிக் குடிப்பவர்களுக்கும் என்ன ஆபத்து என்பது தெரியாது என்று அந்த அறிக்கை சொன்னது. 4 அவுன்ஸ் என்பது கிட்டத்தட்ட 120 மில்லி. ஆக, இந்த அளவு குடித்தால் இன்ன நன்மை கிடைக்கும் என்று எந்த ஆய்வும் கண்டுபிடித்துச் சொன்னதல்ல இது. எச்சரிக்கைக்காகப் போட்ட கோடு.

ஜாடிக்குள் நடப்பது

அளவு ஏன் மாறுகிறது என்று புரிய வேண்டுமானால், தயாரிப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரில் தேயிலையைக் கொதிக்கவிட்டு வடிகட்டி, 70 முதல் 100 கிராம்வரை சர்க்கரை கரைத்து, அறை வெப்பத்துக்கு ஆறவிடுவார்கள். பால் சேர்ப்பதில்லை. ஆறிய தேநீரில், முன்பு தயாரித்த கொம்புச்சாவிலிருந்து ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு திரவத்தை ஊற்றி, ஸ்கோபி எனப்படும் வழவழப்பான வட்டை அதன்மேல் மிதக்கவிடுவார்கள். ஜாடியின் வாயைத் துணியால் கட்டி, வெயில் படாத இடத்தில் ஒன்றிரண்டு வாரம் வைத்துவிட்டால் மற்றதை நுண்ணுயிர்கள் பார்த்துக்கொள்ளும். 20 முதல் 30 டிகிரி செல்சியஸ்வரை அவற்றுக்கு வசதியான வெப்பம்.

உள்ளே இரண்டு கூட்டத்தார் வேலை செய்கிறார்கள். ஈஸ்ட் முதலில் சர்க்கரையை உடைத்து குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என இரண்டாக்குகிறது. பிறகு அவற்றைத் தின்று ஆல்கஹாலையும் கார்பன் டைஆக்சைடையும் வெளியிடுகிறது. அந்த ஆல்கஹாலை அசெட்டிக் அமில பாக்டீரியாக்கள் எடுத்துக்கொண்டு அசெட்டிக் அமிலமாக மாற்றுகின்றன. வினிகரில் இருப்பதும் இதே அமிலம்தான். குளுக்கோஸில் ஒரு பகுதியை அவை குளுக்கோனிக் அமிலமாகவும் மாற்றுகின்றன. இந்த பாக்டீரியாக்களுக்கு ஆக்சிஜன் கட்டாயம் தேவை. அதனால்தான் ஜாடிக்குத் துணி மூடி, அதனால்தான் அவற்றின் குடியிருப்பு மேற்பரப்பில்.

அந்த வட்டு என்ன என்பதில் பலருக்கும் குழப்பம். பார்க்கக் காளான்போல இருப்பதால் காளான் என்றே பல நாடுகளில் அழைக்கிறார்கள். அது காளான் இனமே இல்லை. கொமகடாய்பாக்டர் என்ற வகை பாக்டீரியாக்கள் குளுக்கோஸைக் கொண்டு நெய்யும் செல்லுலோஸ் தாள் அது. பருத்தி இழையில் இருப்பதும் இதே செல்லுலோஸ்தான். கையில் எடுத்துப் பார்த்தால் ஈரமும் உறுதியும் கொண்ட, பாதி ஒளி புகும் தாள் அடுக்குகளாகத் தெரியும். அடிப்பக்கம் பழுப்பு நிறத்தில் ஈஸ்ட் இழைகள் தொங்கிக்கொண்டிருக்கும். பார்க்க அழகாக இல்லாவிட்டாலும் அதுதான் ஆரோக்கியமான வளர்ப்பின் அடையாளம். இன்னொன்று: அடுத்த தயாரிப்பைத் தொடங்கிவைப்பது வட்டைவிட அதைச் சூழ்ந்திருக்கும் புளித்த திரவம்தான். நுண்ணுயிர்கள் அதில் ஏராளமாக இருக்கின்றன. வட்டே இல்லாமல் அந்தத் திரவத்தை மட்டும் ஊற்றினாலும் சில நாட்களில் புதிய வட்டு உருவாகிவிடும்.

மூன்றாம் நாள் சுவைத்தால் அது இனிப்புத் தேநீர்தான், ஓரத்தில் லேசான மாற்றம் தெரியும். ஏழாம் நாள் வாக்கில் இனிப்பும் புளிப்பும் சமமாக நிற்கும், பழவாசனை வரும். இரண்டு வாரம் தாண்டினால் புளிப்பு கை ஓங்கும். ஒரு மாதம் விட்டுவிட்டால் கிட்டத்தட்ட வினிகர். வெயில் காலத்தில் இந்த ஓட்டம் வேகமெடுக்கும், குளிரில் மந்தமாகும். இந்தப் பாதையில் எந்த இடத்தில் நிறுத்திப் பாட்டிலில் அடைத்தார்கள் என்பதைப் பொறுத்துத்தான் நீங்கள் குடிப்பது என்ன என்பது முடிவாகிறது. பாட்டிலில் அடைத்த பிறகும் அது முழுக்க நின்றுவிடுவதில்லை. ஃப்ரிட்ஜ் அதைத் தூங்கவைக்கிறது, அவ்வளவுதான்.

புளிப்பும் பல்லும்

அமிலத்தன்மையைக் காட்டும் எண் பிஎச், அது குறையக் குறைய அமிலம் கூடும். குடிக்கத் தயாரான கொம்புச்சாவின் பிஎச் அளவு பொதுவாக 2.5 முதல் 3.5வரை இருக்கும். இந்த அமிலத்தன்மைதான் அதைக் கெடாமல் காக்கிறது, நோய்க் கிருமிகள் பல இதில் பிழைக்க முடியாது. வயிற்றுக்குள் சுரக்கும் அமிலம் இதைவிடக் கடுமையானது என்பதால், ஆரோக்கியமான வயிற்றுக்கு அரை டம்ளர் பெரிய விஷயமில்லை. நெஞ்செரிச்சல், அமிலம் மேலேறும் தொல்லை, வயிற்றுப்புண் உள்ளவர்களின் நிலை வேறு. வெறும் வயிற்றில் குடித்தால் இவர்களுக்கு எரிச்சல் உடனே தெரியும். காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் குடித்தால்தான் பலன் என்று பரவலாகச் சொல்கிறார்கள். அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. புதிதாகத் தொடங்குபவர் சாப்பாட்டோடு குடிப்பதே நல்லது.

பல்லைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை, அது எனக்கு வருத்தம். வாய்க்குள் பிஎச் ஏறத்தாழ 5.5க்குக் கீழே இறங்கினால் பல்லின் எனாமல் தாதுச்சத்தை இழக்கத் தொடங்கும். கொம்புச்சா அதைவிட மிகவும் கீழே இருக்கிறது. ஒரே நேரத்தில் குடித்து முடித்துவிட்டால் உமிழ்நீர் அந்த அமிலத்தைச் சீக்கிரம் சமன்செய்துவிடும். மேசையில் பாட்டிலை வைத்துக்கொண்டு வேலைக்கு நடுவே மணிக்கணக்கில் உறிஞ்சிக்கொண்டிருந்தால், உமிழ்நீருக்கு அந்த அவகாசமே கிடைக்காது. குடித்து முடித்ததும் வெறும் தண்ணீரால் வாய் கொப்பளியுங்கள். உடனே பல் துலக்க வேண்டாம். அமிலம் பட்டு இளகியிருக்கும் எனாமலை பிரஷ் தேய்த்துவிடும், அரை மணி நேரமாவது கழியட்டும்.

வயிறு உப்புவதும் 'நச்சு நீக்கமும்'

தொடங்கிய முதல் சில நாட்களில் வயிறு உப்புவது, வாயு பிரிவது, வயிற்றுக்குள் சத்தம் கேட்பது, மலம் சற்று இளகுவது ஆகியவை பலருக்கும் வரும். காரணங்கள் சாதாரணமானவை. பானத்தில் கரைந்திருக்கும் கார்பன் டைஆக்சைடு ஒன்று. ஈஸ்ட் உடைத்துவைத்த ஃப்ரக்டோஸ் இன்னொன்று. ஃப்ரக்டோஸைச் சரியாக உறிஞ்சிக்கொள்ள முடியாதவர்களின் பெருங்குடலில் அது போய்ச் சேர்ந்து, அங்கிருக்கும் பாக்டீரியாக்களுக்கு உணவாகி, மேலும் வாயுவை உண்டாக்கும். எரிச்சல் குடல் தொல்லை உள்ளவர்களுக்கு இது அதிகமாகத் தெரியும்.

இந்த அறிகுறிகளைத்தான் சிலர் 'உடம்பு தன்னைச் சுத்தம் செய்துகொள்கிறது, நிறுத்தாமல் குடியுங்கள்' என்று விளக்குகிறார்கள். முன்பே அடியோடு தவறு என்று சொன்னது இதைத்தான். நச்சு நீக்கம் என்ற பேச்சின் வேர் குளுகுரோனிக் அமிலம் என்ற பொருளில் இருக்கிறது. நம் கல்லீரல் சில மருந்துகளையும் கழிவுப் பொருட்களையும் இந்த அமிலத்தோடு இணைத்து, நீரில் கரையக்கூடியதாக மாற்றி வெளியேற்றுகிறது. இது உண்மை. கொம்புச்சாவில் குளுகுரோனிக் அமிலம் சிறிதளவு இருப்பதும் உண்மை. ஆனால் கல்லீரல் தனக்கு வேண்டியதைக் குளுக்கோஸிலிருந்து தானே தயாரித்துக்கொள்கிறது. வெளியிலிருந்து குடிப்பது அந்த வேலையைக் கூட்டும் என்று மனிதர்களிடம் யாரும் நிரூபித்ததில்லை. வயிற்றுப்போக்கோ, தலைவலியோ, குமட்டலோ, தோலில் அரிப்போ வந்தால் உடம்பு 'போதும்' என்று சொல்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அளவைக் குறையுங்கள். தொடர்ந்தால் நிறுத்துங்கள். மூச்சு வாங்குவது, விடாத வாந்தி, அதீத சோர்வு என்றால் மருத்துவரிடம் போங்கள், என்ன குடித்தீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஆல்கஹால் இருக்கிறதா?

இருக்கிறது. நொதித்தலின் வழியிலேயே அது பிறக்கிறது. எவ்வளவு என்பதுதான் கேள்வி. அமெரிக்காவில் கன அளவில் 0.5 சதவீதத்தை எட்டிவிட்டால் அது மதுபானக் கணக்கில் வந்துவிடும். 2010இல் அங்குள்ள ஹோல் ஃபுட்ஸ் என்ற பல்பொருள் அங்காடிக் கடைகள் கொம்புச்சாவை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டதும் இதனால்தான். நிறுவனத்திலிருந்து கிளம்பும்போது வரம்புக்குள் இருந்த பாட்டில்கள், கடைக்கு வந்து சேர்வதற்குள் உள்ளே ஈஸ்ட் வேலையைத் தொடர்ந்ததால் வரம்பைத் தாண்டியிருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தது. அதன்பிறகு பெரிய தயாரிப்பாளர்கள் வடிகட்டுதல், ஆல்கஹாலைப் பிரித்தெடுத்தல், தேர்ந்தெடுத்த நுண்ணுயிர்களை மட்டும் பயன்படுத்துதல் என்று பல வழிகளுக்குப் போனார்கள். 2016இல் பெப்சிகோ கெவிட்டா என்ற கொம்புச்சா நிறுவனத்தையும், 2018இல் கோகோ கோலா ஆஸ்திரேலியாவின் மோஜோ கொம்புச்சாவையும் வாங்கின. கொம்புச்சா ஆலைத் தயாரிப்பாக மாறிய காலம் அது.

வீட்டுத் தயாரிப்பில் இந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. பழச்சாறு சேர்த்து, இறுக மூடி, சில நாட்கள் வெளியே வைத்து நுரைக்கவிட்ட கொம்புச்சாவில் ஆல்கஹால் 1 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். மூடிய பாட்டிலுக்குள் ஆக்சிஜன் இல்லாததால் பாக்டீரியாக்கள் ஆல்கஹாலை அமிலமாக்க முடியாது, ஈஸ்ட் மட்டும் தன் வேலையைத் தொடரும் என்பதே காரணம். மதம் சார்ந்தோ, குடியிலிருந்து மீண்டுவரும் முயற்சியிலோ ஆல்கஹாலை முழுதாகத் தவிர்ப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டே முடிவெடுக்க வேண்டும். குடிப்பழக்கத்தை நிறுத்தத் தரப்படும் டைசல்ஃபிராம் போன்ற மருந்து எடுப்பவர்களுக்குச் சிறிதளவு ஆல்கஹாலும் ஆகாது. 'ஹார்டு கொம்புச்சா' என்ற பெயரில் விற்பது வேறு சரக்கு, அது வேண்டுமென்றே ஆல்கஹாலைக் கூட்டித் தயாரித்த மதுபானம்.

சர்க்கரையும் காஃபினும்

'சர்க்கரை நமக்கில்லை, நுண்ணுயிருக்கு' என்று சொல்லிப் பலரும் சமாதானம் அடைகிறார்கள். பாதிதான் உண்மை. ஒரு வாரத்தில் பாட்டிலில் அடைத்த கொம்புச்சாவில், போட்ட சர்க்கரையில் கணிசமான பங்கு மிச்சமிருக்கும். அதன்பிறகு சுவைக்காகப் பழச்சாறோ சர்க்கரையோ சேர்த்திருந்தால் அதுவும் கூடும். லேபிளைப் படிக்கும்போது எதற்கான அளவு என்று கவனியுங்கள். 100 மில்லிக்கு 5 கிராம் என்று போட்டிருப்பது பார்க்கக் குறைவுதான். ஆனால் பாட்டில் 480 மில்லி என்றால், முழுதாகக் குடிக்கும்போது 24 கிராம் உள்ளே போகிறது. சேர்க்கப்படும் சர்க்கரையை நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 கிராமுக்குள் வைத்துக்கொள்வது கூடுதல் நன்மை தரும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அன்றைய பங்கு ஒரே பாட்டிலில் முடிந்துவிட்டது. அதே நேரம், வழக்கமான இனிப்பு சோடாக்களில் 100 மில்லிக்குப் பத்து கிராமுக்கு மேல் இருக்கும். தினமும் சோடா குடிப்பவர் அதை விட்டுவிட்டு கொம்புச்சாவுக்கு மாறினால் சர்க்கரை நிச்சயம் குறையும். தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டிருந்தவர் மாறினால் கூடும். எதற்குப் பதிலாகக் குடிக்கிறோம் என்பதில்தான் லாபமும் நட்டமும்.

காஃபின் நொதித்தலில் பெரிதாகக் குறைவதில்லை. கறுப்புத் தேயிலையோ பச்சைத் தேயிலையோ, ஓரளவு காஃபின் இருந்தே தீரும். தேநீர் குடித்தால் தூக்கம் வராதவர்கள் இதையும் மாலைக்கு முன்பே முடித்துக்கொள்வது நல்லது.

நன்மை பற்றி ஆய்வுகள் சொல்வது

நல்ல பாக்டீரியா நிறைந்தது, குடலுக்கு நல்லது என்பதுதான் கொம்புச்சாவை விற்கும் பெரிய வாக்கியம். ப்ரோபயாட்டிக் என்பதற்கு 2001இல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் கூடிக் கொடுத்த வரையறை, போதுமான அளவில் உட்கொள்ளும்போது உடலுக்கு நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிர்கள் என்பது. உயிரோடு இருந்தால் மட்டும் போதாது, அந்த நன்மை நிரூபிக்கப்பட்டிருக்க வேண்டும். கொம்புச்சாவில் முதன்மையாக இருக்கும் அசெட்டிக் அமில பாக்டீரியாவும் ஈஸ்டும் அந்தப் பட்டியலில் வழக்கமாக வருபவை அல்ல. லாக்டிக் அமில பாக்டீரியா சில தயாரிப்புகளில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. பாஸ்சரைஸ் செய்த, அதாவது சூடாக்கி நுண்ணுயிர்களைக் கொன்ற பாட்டிலில் உயிருள்ளது எதுவும் இருக்காது. சில நிறுவனங்கள் வடிகட்டியபின் தனியாக ஒரு ப்ரோபயாட்டிக்கைச் சேர்த்து விற்கின்றன.

மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் எவ்வளவு குறைவு என்பது ஆச்சரியமளிக்கும். 2003இல் மாற்று மருத்துவ முறைகளை ஆராய்ந்துவந்த எட்சார்ட் எர்ன்ஸ்ட் ஆய்வு இலக்கியம் முழுவதையும் தேடிப் பார்த்து, பலனுக்கு நம்பகமான மருத்துவச் சான்று எதுவும் இல்லை என்று எழுதினார். 2019இல் வெளிவந்த இன்னொரு தொகுப்பாய்வும் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் நின்றது. சோதனைக் குழாயிலும் எலிகளிலும் குவியலாக முடிவுகள், மனிதர்களிடம் ஒரே ஒரு ஆய்வு.

நம்பிக்கை தருபவையும் இருக்கின்றன. 2023இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 12 பேர் தினமும் 240 மில்லி கொம்புச்சாவை நான்கு வாரம் குடித்தார்கள். இடைவெளி விட்டு, அதேபோல் சுவைக்கும் வேறொரு பானத்தையும் நான்கு வாரம் குடித்தார்கள். கொம்புச்சா குடித்த காலத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரை சராசரியாக 164இலிருந்து 116க்கு இறங்கியது. சிறிய ஆய்வு, ஒரே தயாரிப்பு, நான்கே வாரம். பெரிய ஆய்வுக்கு வழிவிடும் முதல் படி என்று வைத்துக்கொள்ளலாம். இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

தொடங்குபவர்களுக்கு இதைவிடப் பயனுள்ளது 2021இல் வெளிவந்த ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு. ஆரோக்கியமான 36 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு நார்ச்சத்து நிறைந்த உணவும், மற்றதற்குப் புளிக்கவைத்த உணவுகளும் பத்து வாரம் கொடுத்தார்கள். தயிர், கெஃபிர் என்ற புளித்த பால் பானம், கிம்ச்சி என்ற கொரியப் புளித்த காய்கறி, ஊறவைத்த காய்கறிகளின் உப்புநீர் ஆகியவற்றோடு கொம்புச்சாவும் அதில் இருந்தது. புளித்த உணவு சாப்பிட்டவர்களின் குடலில் நுண்ணுயிர் வகைகள் கூடின, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் 19 புரதங்கள் குறைந்தன. இந்தப் பெருமையை கொம்புச்சா ஒன்றுக்கே எழுதிவிட முடியாது. அவர்கள் சாப்பிட்டது பலதரப்பட்ட உணவு, அதுவும் ஒரு நாளைக்கு ஆறு பரிமாறல்வரை. ஆனால் ஒரு விவரம் கவனிக்க வேண்டியது. பத்து வாரத்தில் முதல் நான்கு வாரம் அளவை மெல்ல மெல்லக் கூட்டுவதற்கே ஒதுக்கப்பட்டிருந்தது.

குடிக்கும் முறை

முதல் பாட்டிலாகப் பழச்சாறு அதிகம் கலக்காத, சாதாரண அல்லது இஞ்சி சேர்த்த கொம்புச்சாவை எடுங்கள். உட்பொருட்களில் தேயிலை, சர்க்கரை, வளர்ப்பு, தண்ணீர் என்ற அளவில் இருந்தால் நல்லது. 'குளிரில் வைக்கவும்' என்று எழுதியிருந்தால் உள்ளே உயிர் இருக்க வாய்ப்புண்டு. அப்படிப்பட்ட பாட்டில் கடையில் வெளி அலமாரியில் வெதுவெதுப்பாக இருந்தால் வாங்காதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் நன்றாகக் குளிரவையுங்கள். குளிர்ந்த திரவத்தில் வாயு அடங்கி நிற்கும். குலுக்கவே கூடாது. தொட்டிக்கு மேல் பிடித்து, மூடியைக் கொஞ்சம் திருகி, சீறல் அடங்கக் காத்திருந்து, பிறகு முழுதாகத் திறங்கள். வினிகரும் பழமும் கலந்த வாசனை வர வேண்டும். அடியில் பழுப்பு வண்டல், மேலே கண்ணாடித் தாள்போல மெல்லிய ஏடு, நடுவில் மிதக்கும் இழை, இவை எல்லாம் இயல்பே. வேண்டாமென்றால் வடிகட்டிக்கொள்ளலாம். அழுகல் நாற்றமோ, மேற்பரப்பில் பஞ்சுபோன்ற புள்ளிகளோ இருந்தால் கீழே கொட்டிவிடுங்கள்.

முதல் வாரம் நாளொன்றுக்கு 100 முதல் 120 மில்லி, சாப்பாட்டோடு. புளிப்பு தாங்கவில்லையென்றால் பாதிக்குப் பாதி தண்ணீர் சேர்க்கலாம், தவறே இல்லை. உடம்பு எந்த முறையீடும் செய்யவில்லையென்றால் அடுத்த வாரம் 200 மில்லி, பிறகு 240. அதற்கு மேல் போவதற்குக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. இதே வாரத்தில் வேறு புதிய உணவையோ சத்து மாத்திரையையோ சேர்த்துத் தொடங்காதீர்கள். வயிறு கலங்கினால் காரணம் எது என்று பிறகு பிரித்துச் சொல்ல முடியாது. திறந்த பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைத்துச் சில நாட்களுக்குள் முடித்துவிடுங்கள்.

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், சின்னக் குழந்தைகள் ஆகியோருக்கு கொம்புச்சா வேண்டாம். நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள், உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஆகியோருக்கு உயிருள்ள நுண்ணுயிர்கள் ஆபத்தாகலாம். கல்லீரல், சிறுநீரக நோய் இருப்பவர்களும் நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

வீட்டில் தயாரிக்க ஆசை வந்தால்

கொஞ்ச நாள் வாங்கிக் குடித்துச் சுவை பிடிபட்டதும் ஜாடி வைக்கத் தோன்றும். நல்ல ஆசைதான். ஆனால் நல்ல கொம்புச்சா எப்படி மணக்கும், எவ்வளவு புளிக்கும் என்று நாக்குக்குத் தெரிந்தபின் தொடங்குவது பாதுகாப்பு. கெட்டது எது என்று அடையாளம் காண முதலில் நல்லது தெரிந்திருக்க வேண்டும்.

ஆபத்து அதிகமுள்ளது முதல் சில நாட்கள். அப்போது ஜாடியில் இருப்பது வெறும் இனிப்புத் தேநீர், எந்தக் கிருமிக்கும் விருந்து. பழைய புளித்த திரவத்தைத் தாராளமாக ஊற்றினால் தொடக்கத்திலேயே அமிலம் ஏறி அந்த வாசல் அடைபடும். ஏழு நாளுக்குள் பிஎச் 4.2க்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும், இறங்காவிட்டால் கொட்டிவிட வேண்டும். 2.5ஐவிடக் கீழே போய்விட்டால் குடிக்கும் பதத்தைத் தாண்டிவிட்டது. பிஎச் தாள் ஒரு கட்டு வாங்கி வைத்துக்கொள்வது கட்டாயம் என்றே சொல்வேன்.

பூஞ்சை எப்போதும் மேற்பரப்பில், உலர்ந்து, பஞ்சுபோல வரும். வெள்ளை, பச்சை, கறுப்பு என்று நிறம் இருக்கும். தண்ணீருக்குள் தொங்கும் பழுப்பு இழை பூஞ்சை அல்ல, அது ஈஸ்ட். பூஞ்சை பிடித்துவிட்டால் அந்த இடத்தை மட்டும் வழித்தெடுத்துக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். திரவம், வட்டு எல்லாவற்றையும் எறிந்துவிட்டு, ஜாடியைக் கொதிநீரால் கழுவி, புதிய வளர்ப்போடு மறுபடி தொடங்குங்கள்.

பாத்திரம் கண்ணாடியாகவே இருக்கட்டும். செம்பு, பித்தளை, அலுமினியம் ஆகியவற்றை அமிலம் அரித்துவிடும். மெருகு பூசிய பீங்கான் பார்க்க அழகு, ஆனால் அந்த மெருகில் ஈயம் இருக்கக்கூடும். ஆஸ்திரேலியாவில் பீங்கான் பானையில் பல மாதம் கொம்புச்சா தயாரித்துக் குடித்தவர்களின் ரத்தத்தில் ஈயம் ஏறி நோயாளியான நிகழ்வு 1998இல் அந்நாட்டு மருத்துவ இதழில் வெளியானது. பழம் சேர்த்து நுரைக்கவைக்கும் பாட்டில்களும் அழுத்தம் தாங்குவதற்கென்றே செய்யப்பட்ட தடித்த கண்ணாடியாக இருக்க வேண்டும். மெல்லிய அலங்காரப் பாட்டில்கள் வெடித்துவிடும். அறை வெப்பத்தில் ஒன்றிரண்டு நாள் வைத்து, தினம் ஒரு முறை மூடியைத் தளர்த்தி வாயுவை வெளியேற்றி, பிறகு ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள்.